கொலஸ்டிரமைன் தூள்: ருசிக்கு ஒரு நட்சத்திரம், வேலைக்கு நாலு

ஒரு பிடி மெல்லிய மணலைப் பழச்சாற்றில் போட்டுக் கலக்கி, "கரைந்துவிட்டது, குடி" என்று யாராவது நீட்டினால் குடிப்பீர்களா? பதினான்கு மாதமாகத் தினமும் காலை ஆறரை மணிக்கு நான் குடிக்கிறேன். அந்த மணலின் பெயர் கொலஸ்டிரமைன். சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக அட்டைப்பெட்டியில் வரும் தூள். ஒரு பாக்கெட்டில் மருந்து 4 கிராம். சர்க்கரை சேர்த்த வகையில் தூளின் மொத்த எடை 9 கிராம், அதாவது பாதிக்கு மேல் சர்க்கரையும் மணமூட்டியும் மற்றதும்தான். அவ்வளவு போட்டும் ருசி இப்படி என்றால் போடாமல் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ருசிக்கு ஒரு நட்சத்திரம், அதுவும் பாவம் பார்த்து. வேலைக்கு நான்கு. ஐந்தாவதை ஏன் கொடுக்கவில்லை என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். நான் கணக்கு டீச்சர். மதிப்பெண்ணைக் குறைத்தால் பக்கத்திலேயே காரணம் எழுதிப் பழக்கம்.

பித்தப்பையை எடுத்து வருடக்கணக்கான பிறகும், சாப்பிட்ட கை காய்வதற்குள் பாத்ரூமைத் தேடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் கடைக்குப் போய் நீங்களாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற சமாச்சாரம் இல்லை இது. டாக்டர் எழுதித் தர வேண்டிய மருந்து. ஏன் என்பதும் கீழே வரும். அந்தப் பாடத்தை நான் கொஞ்சம் வலித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

எனக்குப் பித்தப்பையை எடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. உள்ளே கல். லேப்ராஸ்கோப்பி, வயிற்றில் நாலு ஓட்டை, மறுநாள் வீடு. "பித்தப்பை இல்லாமல் ஒரு குறையும் தெரியாது, பாருங்கள்" என்றார் ஆபரேஷன் செய்தவர். பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் இருக்கிறது. என் தங்கைக்கும் எடுத்தார்கள், அவள் எதையும் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாள். எனக்கு மட்டும் முதல் வாரமே வயிறு இளகியது. "பழகிவிடும்" என்றார்கள். ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருடம். வயிறு பழகவில்லை, நான்தான் பழகிக்கொண்டேன்.

அப்படிப் பழகியது எப்படி என்றால், பள்ளியில் எந்தக் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழாது என்று எனக்குத் தெரியும். பேருந்தில் எப்போதும் நடைபாதை ஓர இருக்கை, அதுவும் கதவுப் பக்கம். கைப்பையில் ஒரு மாற்றுத் துணி. வெளியே போகும் நாளில் காலையிலிருந்து பட்டினி. வெளியே சாப்பிட்டால் வீடு திரும்பும் வழி எத்தனை நிமிடம் என்று முதலில் கணக்கு. பொரித்ததைத் தின்றால் இருபது நிமிடம், காபி குடித்தால் பதினைந்து.

இருப்பதிலேயே கொடுமை தேர்வு அறைதான். மூன்று மணி நேரக் கண்காணிப்பு. அறையை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் மாற்று ஆள் வர வேண்டும். வராண்டாவில் ஆள் கண்ணில் பட வேண்டும். அவர் வந்து நின்ற பிறகுதான் நாம் நகரலாம். ஒரு வருடம், இரண்டாம் மணி அடித்த கொஞ்ச நேரத்தில் வயிறு முறுக்கியது. வராண்டாவில் ஒருவரும் இல்லை. முன் வரிசைப் பையன் கூடுதல் தாள் கேட்டுக் கையைத் தூக்கினான். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறேன், அவன் கையும் இறங்கவில்லை. "டீச்சர், பேப்பர்" என்று மெதுவாகச் சொன்னான். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நான்கு அடி நடந்ததுபோல் வாழ்க்கையில் எதற்கும் கஷ்டப்பட்டதில்லை. கடைசி நிமிடத்தில் மாற்று ஆள் வந்துவிட்டார், தப்பித்தேன். அடுத்த வருடத்திலிருந்து முந்தின இரவே சாப்பாட்டை நிறுத்திவிட்டுத்தான் கண்காணிப்புக்குப் போனேன்.

டாக்டரிடம் போகாமல் இல்லை. ரத்தம், மலம், ஸ்கேன், கடைசியில் கொலோனோஸ்கோப்பி வரை எல்லாம் சுத்தம். எல்லாம் சுத்தம் என்றால் ஐ.பி.எஸ். (எரிச்சல் குடல் நோய்) என்று ஒரு பெயர் இருக்கிறதே, அதை எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து வருடம் அந்தப் பெயரோடு இருந்தேன். பாலை நிறுத்தினேன், கோதுமையை நிறுத்தினேன், தயிரில் இருக்கிற நல்ல கிருமியை மாத்திரையாக விழுங்கினேன். வயிற்றோட்டத்தை நிறுத்தும் லோபெரமைடு மட்டும் அவசரத்துக்கு உதவியது. "டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரை இலவசமாகவும் கட்டணத்தோடும் கிடைத்தது. டென்ஷனால் வயிறு போகிறதா, வயிறு போவதால் டென்ஷனா என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டவர் குடல் நோய்களுக்கான ஒரு டாக்டர், வயதில் என் பழைய மாணவி மாதிரி இருந்தார். இரண்டே கேள்விதான். "சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் போகிறது?" "என்ன நிறம்?" நிறத்தை இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை. மஞ்சளும் பச்சையுமாக இருக்கும், எரியும் என்றேன். எரியும் என்ற சொல்லில் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். பித்தநீரைச் செய்வது கல்லீரல், நாள் முழுக்க. பித்தப்பை ஒரு தொட்டி. வந்த நீரைச் சேர்த்துச் சுண்ட வைத்துக்கொள்ளும். கொழுப்புள்ள சாப்பாடு சிறுகுடலுக்குள் வந்தால் ஒரு ஹார்மோன் சுரந்து தொட்டியைப் பிழியும். தொட்டியை எடுத்துவிட்டால் கல்லீரல் வேலையை நிறுத்தாது, குழாய் மட்டும் சொட்டிக்கொண்டே இருக்கும். இதுவரைக்கும் எனக்கும் தெரியும். தெரியாதது இதற்கு அப்புறம். குடலுக்குள் வந்த பித்தநீரில் இருக்கும் பித்த அமிலம் வீணாகப் போவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதி அதில் சுமார் 95 சதவீதத்தை உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடும். ஒரே நாளில் இந்தச் சுற்று பல முறை நடக்கும். மீதி ஐந்து சதவீதம் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும்.

இங்கேதான் கணக்கு. 95 வாங்குகிற பிள்ளை அடுத்த தேர்வில் 90 வாங்கினால் ஒரு தாயும் கவலைப்பட மாட்டாள். ஆனால் திரும்பி வருவது 95-லிருந்து 90 ஆனால் பெருங்குடலுக்குப் போவது ஐந்திலிருந்து பத்து, நேர் இரண்டு மடங்கு. பித்த அமிலம் அதிகமானால் பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சுவதை விட்டுவிட்டு வெளியே விட ஆரம்பிக்கும், சீக்கிரம் சீக்கிரம் தள்ளவும் செய்யும். அதுதான் அவசரம், அதுதான் நிறம், அதுதான் எரிச்சல். "பித்தம் தலைக்கேறிவிட்டது" என்று சொல்வோமே, எனக்கு நேர் எதிர்த் திசையில் இறங்கியிருந்தது.

ஐ.பி.எஸ். வயிற்றுப்போக்கு என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் நான்கில் ஒருவர், ஏன் மூன்றில் ஒருவருக்குக்கூட, உண்மையான காரணம் இந்தப் பித்த அமிலமாக இருக்கலாம் என்று அந்த டாக்டர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஐந்து வருடம் ஐயா! இதைக் கண்டுபிடிக்கப் பரிசோதனையும் உண்டு. சீகேட் என்று ஒன்று, லேசான கதிரியக்கமுள்ள செலினியம் கலந்த மாத்திரையை விழுங்க வைத்து, அன்றைக்கு ஒரு ஸ்கேன், ஏழு நாள் கழித்து ஒரு ஸ்கேன். உடம்பில் 15 சதவீதத்துக்கும் குறைவாக மிஞ்சியிருந்தால் பித்த அமிலம் ஒழுகுகிறது என்று அர்த்தம். சி4 என்ற ரத்தப் பரிசோதனை இன்னொன்று. இரண்டும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. எனக்கும் கிடைக்கவில்லை. "மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம், நின்றால் அதுதான்" என்றார். விடையிலிருந்து கேள்விக்கு வருகிற முறை. வகுப்பில் ஒரு பையன் இப்படிச் செய்தால் படிகள் எங்கே என்று கேட்பேன். இங்கே கேட்கவில்லை.

சரி, தூளுக்கு வருவோம்.

இது ஒரு பிசின். தண்ணீரில் கரையாது, ரத்தத்திலும் சேராது. வாயில் போனது குடல் வழியே போய் அப்படியே வெளியே வந்துவிடும். போகிற வழியில் தன்னிடமுள்ள குளோரைடைக் கொடுத்துவிட்டுப் பித்த அமிலத்தை வாங்கிக்கொண்டு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட அமிலம் பெருங்குடலைச் சீண்ட முடியாது. உண்மையில் இது கொலஸ்டிராலுக்கு வந்த மருந்து. பித்த அமிலம் இப்படி வெளியே போகப் போக, புதிதாகச் செய்யக் கல்லீரல் கொலஸ்டிராலை எடுத்துச் செலவழிக்கும், ரத்தத்தில் அளவு குறையும். 1984-இல் முடிவு வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் கொலஸ்டிரால் அதிகமான 3,806 ஆண்களைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு நிஜத் தூள், பாதிப் பேருக்குப் போலி. அளவு நாளைக்கு 24 கிராம், அதாவது ஆறு பாக்கெட். சராசரியாக ஏழு வருடத்துக்கு மேல். நாளைக்கு ஆறு பாக்கெட்! ஒரு பாக்கெட்டுக்கு மூக்கைப் பிடிக்கிற நான் அந்த ஆண்களை மனதாரக் கும்பிடுகிறேன்.

இதனால் ஒரு தொல்லை: பெட்டிக்குள் இருக்கும் துண்டுக் காகிதம் முழுக்கக் கொலஸ்டிரால் புராணம். என் மாதிரி ஆட்களுக்கு அதில் ஒரு பத்திகூடத் தேறவில்லை. மருந்துக் கடையில் ஒவ்வொரு முறையும் "கொலஸ்டிரால் ரொம்ப அதிகமா மேடம்?" என்று கேட்கிறார்கள். முதலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் "ஆமாம்பா" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

கலக்குவது ஒரு கலை, கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. முதல் நாள், டம்ளரில் தூளைப் போட்டு மேலே தண்ணீர் ஊற்றினேன். அடியில் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொண்டது. ஸ்பூனால் நசுக்கினால் ஸ்பூனில் ஒட்டியது. இரண்டாம் நாள் சோடாவில் கலந்தேன், நுரை பொங்கி மேசை, பாய், கணக்கு நோட்டு எல்லாவற்றிலும். மூன்றாம் நாள் வெந்நீர். அதைப் பற்றிப் பேச வேண்டாம். அப்புறம்தான் கண்டுபிடித்தேன். தண்ணீரோ பழச்சாறோ முதலில் டம்ளரில் இருக்க வேண்டும், அதன் மேல் தூளைப் பரப்பித் தூவ வேண்டும், ஒன்றிரண்டு நிமிடம் தொடாமல் விட வேண்டும். தூள் தானாக ஈரம் குடித்து மெல்ல அமிழும். அப்போது கலக்கினால் கட்டி வராது. கரைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். மங்கலாக, மோர் போலத் தெரியும், அவ்வளவுதான். நாக்கில் மணல், பல்லிடுக்கில் மணல், தொண்டையிலும் மணல்.

தூளை அப்படியே வாயில் கொட்டிக்கொள்ளவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கலக்கியதை வாயில் வைத்துக்கொண்டு மெதுவாக உறிஞ்சுவதும் கூடாது, பல்லின் நிறம் மாறும், எனாமலும் தேயும். ஒரே மூச்சில் குடித்து, அதே டம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றிச் சுழற்றி அடியில் நின்றதையும் குடித்து, வாயைக் கொப்பளித்துவிட வேண்டும். கெட்டியான பழச்சாறு வெறும் தண்ணீரைவிட நூறு மடங்கு மேல். மணலை அது கொஞ்சம் மறைக்கிறது. ஆப்பிளை வேகவைத்து மசித்த கூழில் கலந்தும் சாப்பிடலாம், ஆனால் அப்படிச் செய்தால் அப்புறம் ஆப்பிளே பிடிக்காமல் போய்விடும். எனக்குப் போய்விட்டது. முந்தின இரவே கலக்கிக் குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் கொஞ்சம் வழவழப்பாகிவிடுகிறது என்பது கடைக்காரர் சொன்ன யோசனை, அதைத்தான் இப்போது செய்கிறேன். அதற்கென்றே ஒரு கண்ணாடி டம்ளர். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதற்கு வெளியே நகப்பூச்சால் ஒரு கோடு. அந்த டம்ளரை வீட்டில் வேறு யாரும் தொடுவதில்லை. கோட்டுக்குக் கீழே எத்தனை தேய்த்தாலும் போகாத ஒரு மங்கல் படிந்திருக்கிறது.

பலன் எப்போது தெரிந்தது என்று கேட்டால், நான்காம் நாள். பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அன்றைக்கு ஒரு தடவைகூட ஓடவில்லை என்பது உறைத்தது. நம்பவில்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த மூன்று நாள் ஒன்றுமே வரவில்லை! வயிறு கல்லுப் போலாகிவிட்டது. கிட்டத்தட்ட எட்டு வருடத்தில் முதன்முறையாக மலச்சிக்கல் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன். டாக்டரை அழைத்தால் சிரித்தார். "அப்போ வியாதி உறுதியாகிவிட்டது" என்றார். அரைப் பாக்கெட்டாகக் குறைத்து, இரண்டு வாரம் கழித்து முக்கால், அப்புறம் ஒன்று. தூளை அரை பங்கு பிரிப்பது இன்னொரு தலைவலி. அளவு ஸ்பூன் பெட்டியில் வருவதில்லை. ஒரு தாளில் கொட்டி, கத்தி முனையால் நேர்கோடு கிழித்துப் பிரித்தேன். வடிவியல் கடைசியில் இதற்குத்தான் பயன்பட்டது. இப்போது என் அளவு தினம் ஒரு பாக்கெட், விருந்து நாளில் இன்னொரு அரை. காற்றும் உப்புசமும் முதல் இரண்டு மாதம் இருந்தன, குறைந்துவிட்டன, அடியோடு போகவில்லை.

இனி ஐந்தாவது நட்சத்திரத்தின் கதை.

இந்தப் பிசினுக்குப் பித்த அமிலத்தை மட்டும் பிடிக்கத் தெரியாது. கையில் சிக்கும் வேறு மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும். அதனால் மற்ற மாத்திரைகளை இதற்கு ஒரு மணி நேரம் முன்னாலோ, நாலிலிருந்து ஆறு மணி நேரம் பின்னாலோதான் சாப்பிட வேண்டும் என்பது பொது விதி. நான் பன்னிரண்டு வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள். காலை ஐந்தரைக்கு மாத்திரை, ஆறரைக்குத் தூள். ஒரு மணி நேரம் சரியாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். தைராய்டு மாத்திரைக்கு அந்த ஒரு மணி நேரம் போதாது, குறைந்தது நாலு மணி நேரம் தள்ளியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. தூள் எழுதிக் கொடுத்தவர் என்னிடம் வேறென்ன மாத்திரை என்று கேட்டார். "ஒன்றும் இல்லை" என்று சொன்னது நான். பன்னிரண்டு வருடம் சாப்பிட்டால் அது மாத்திரை என்ற நினைப்பே போய்விடுகிறது, பல் தேய்ப்பது மாதிரி. இதில் அவர்மேல் பிழை சொல்ல முடியாது.

இரண்டு மாதத்தில் அசதி. கரும்பலகையில் பாதி எழுதிவிட்டு அடுத்த படி என்ன என்று நிற்கிறேன். தலைமுடி கொத்தாக வருகிறது. வயிறு சரியாகிவிட்டது, வயதாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். வழக்கமான பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். (உடம்பில் தைராய்டு குறைந்தால் ஏறும் எண்) 9.6. அதற்கு முந்தின முறை 2.8. பன்னிரண்டு வருடமாக அசையாத எண்! நான் விழுங்கிய மாத்திரையில் ஒரு பங்கைத் தூள் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது தைராய்டு மாத்திரை இரவு பத்தரைக்கு, ராத்திரிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து. தூள் காலை ஆறரைக்கு. நடுவில் எட்டு மணி நேரம். டாக்டர் போட்டுக் கொடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். இரண்டு மாதத்தில் எண் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின், இதயத்துக்கான டிகாக்சின், கருத்தடை மாத்திரை இவை எல்லாவற்றோடும் இதே சிக்கல் உண்டு. அதனால்தான் முதலிலேயே சொன்னேன், நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள் என்று. போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், "ஒன்றும் இல்லை" என்று தோன்றுவதையும் சேர்த்து.

கொழுப்பில் கரையும் ஏ, டி, இ, கே வைட்டமின்களையும் இது கொஞ்சம் தடுக்கும். எனக்கு வருடம் ஒருமுறை டி பார்க்கிறார்கள். குறைந்திருந்தது, தனியாக மாத்திரை, அதுவும் இரவுப் பட்டியலில். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏற்கெனவே அதிகமிருந்தால் அதை இன்னும் ஏற்றிவிடவும் கூடும், ஆகவே ஆரம்பிக்கும் முன் அதையும் பார்த்துவிட வேண்டும்.

தூள் செய்யாத ஒரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். பித்தப்பை போன பிறகும் சிலருக்கு வலது விலாவுக்குக் கீழே அதே பழைய வலி வரும். எனக்கும் வருடத்தில் மூன்று நான்கு முறை வருகிறது, அரை மணி நேரம் குனிய வைத்துவிட்டுப் போகும். முதல் தடவை வந்தபோது, எடுத்த பை திரும்ப முளைத்துவிட்டதோ என்று பைத்தியம் மாதிரி நினைத்தேன். பை முளைக்காது, ஆனால் பித்தக் குழாயில் கல் தங்கியிருக்கலாம், புதிதாகவும் உருவாகலாம். அதனால் கல்லீரல் ரத்தப் பரிசோதனை, பித்தக் குழாயைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன். இரண்டும் சுத்தம். குழாய் குடலில் திறக்கும் இடத்தில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது; 1887-இல் ருக்கெரோ ஓடி என்ற இத்தாலிய மருத்துவ மாணவர் அதை விவரித்ததால் ஓடி சுருக்குத்தசை என்று பெயர். ஓடியே இத்தனை வருடத்தைக் கழித்த எனக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது, டாக்டருக்குக் காரணம் புரிய ஒரு நிமிடம் ஆனது. அந்தத் தசை இறுக்கிப் பிடிப்பதால் வலி வரலாம். குழாய் வழியே போய்த் தசையை வெட்டிவிடுங்களேன் என்று நானே கேட்டேன். பரிசோதனை எல்லாம் சரியாக இருப்பவர்களுக்கு அப்படி வெட்டியதையும், வெட்டியதுபோல் பாவனை மட்டும் செய்ததையும் ஒப்பிட்ட ஆய்வு 2014-இல் வந்தது, வெட்டியதால் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை, கணைய அழற்சி வருகிற ஆபத்துதான் மிச்சம் என்றார். விட்டுவிட்டேன். வலி வரும்போது போட்டுக்கொள்ள ஒரு மாத்திரை இருக்கிறது. கொழுப்பை ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொண்டதில் இடைவெளி கொஞ்சம் கூடியிருக்கிறது. வலியோடு காய்ச்சல், கண் மஞ்சள், சிறுநீர் கறுப்பது, மலம் வெளுப்பது இதில் ஏதாவது வந்தால் மட்டும் யோசிக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது இவற்றையும் பித்தத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

நடுவில் ஆறு வாரம் கொலசெவெலம் மாத்திரைக்கு மாறிப் பார்த்தேன். அதே குடும்பம், மாத்திரை வடிவம். மணல் இல்லை, டம்ளர் இல்லை, மற்ற மருந்துகளைப் பிடித்துவைக்கும் தொல்லையும் குறைவு என்றார்கள், தைராய்டு மாத்திரைக்கு மட்டும் அங்கேயும் நாலு மணி நேர விதி உண்டு. ஒரு மாத்திரை 625 மில்லிகிராம், பட்டாணியை எதிர்பார்த்தால் அவரைக்கொட்டை வரும். நாளைக்கு நாலு விழுங்கினேன். வயிறு தூளில் இருந்த அளவுக்கு அடங்கவில்லை. சிலருக்கு இதுதான் சரிப்படுகிறது, தூளைப் பார்த்தாலே குமட்டுகிறவர்கள் கேட்டுப் பாருங்கள். நான் மணலுக்கே திரும்பிவிட்டேன். பயணத்துக்கு மட்டும் அந்த மாத்திரையை வைத்திருக்கிறேன், ஓடும் பேருந்தில் தூளைத் தூவிவிட்டு இரண்டு நிமிடம் அசையாமல் காத்திருக்க முடியாதே.

போன மாதம் அப்படி ஒரு பயணம். ஒன்பது மணி நேரம், பகல் பேருந்து. சீட்டு எடுக்கும்போது மகள் வழக்கம்போல நடைபாதை ஓரத்தைத் தொடப் போனாள், "ஜன்னலைப் போடு" என்றேன். "நிஜமாவாம்மா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் போட்டாள். மாற்றுத் துணி பையில் இருந்தது, அதை விட இன்னும் தைரியம் வரவில்லை. வண்டி நடுவில் இரண்டு இடத்தில் நின்றது. இரண்டாவது இடத்தில் சாப்பிடவும் செய்தேன். ஊர் போய்ச் சேரும்வரை நான் இருக்கையை விட்டு அவசரமாக எழவே இல்லை. பக்கத்து இருக்கைக்காரர்தான், பாவம், நாலு தடவை வண்டியை நிறுத்தச் சொன்னார்.